நம் வாசலில் ஐம்பது டிகிரி

அந்தப் படத்தை எனக்கு முதலில் காட்டியது என் மச்சினன். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடது கையால் போனை நகர்த்தி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாருங்க மாமா. உங்க பேப்பர்தான்."

பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு. மேலே எங்கள் நாளிதழின் பெயர், பழைய எழுத்தில். கீழே சின்னக் கட்டம் ஒன்று. 'நம் வாசலில்: 122 டிகிரி.' எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்கடியில் யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். 'எழுபது வருடத்துக்கு முன்பே, இன்றைய கணக்கில் ஐம்பது டிகிரி! அன்று யாரும் வேலையை நிறுத்தவில்லை. இன்று நாற்பத்து நாலுக்கே ஏன் இந்தப் பயமுறுத்தல்? யாருக்காக?'

"அம்பதுலயே அந்தக் காலத்து ஆளுங்க வேலை பார்த்திருக்காங்க. நாங்க மட்டும் என்ன மெழுகா, உருகி ஓட?" என்றான்.

"முதல்ல தட்டுப் பக்கத்துலருந்து போனை எடு" என்றார் அத்தை, சமையலறையிலிருந்து.

 ஒரு வருடமாக எனக்கு எதற்கும் சட்டென்று பதில் வருவதில்லை. எழுந்து கை கழுவினேன்.

மூன்று பேர் இருக்கும் வீடு. என் மனைவி காய்ச்சலில் படுத்தபோது அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மாவும் தம்பியும் வந்தார்கள். அவள் போய்விட்டாள். அவர்கள் போகவில்லை. போகிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை, இருங்கள் என்று நானும் சொல்லவில்லை. அப்படியே ஓடுகிறது.

மச்சினன் கிடங்குகளுக்குத் தகரக் கூரை போடும் குழுவின் மேஸ்திரி. போன கோடையில் கூரை மேலேயே மயங்கினான். நல்லவேளை, ஏணிப் பக்கம் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். இந்த முறை கடுமையான வெப்ப அலை வருகிறது என்று வானிலை அலுவலகம் அறிவித்துவிட்டது. மச்சினனின் கம்பெனி ஒரு சலுகை கொடுத்திருந்தது. குழுவே ஒன்றாகக் கேட்டால் விடியுமுன் வேலையை ஆரம்பித்து உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். கேட்காவிட்டால் வழக்கமான நேரம்தான். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். குழு, மேஸ்திரி வாயைப் பார்க்கும். மேஸ்திரியோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எழுந்து போனதும் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அது நிஜமா?"

"தெரியல அத்தை. பார்க்கணும்."

"பார்த்துச் சொல்லுங்க. நான் சொன்னா, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான்." பாத்திரத்தை எடுத்தார், திரும்ப வைத்தார். "எனக்கு மிச்சம் நீங்க ரெண்டு பேர்தான்."

*

நான் வேலை பார்ப்பது நாளிதழின் சரிபார்ப்புப் பக்கத்தில். ஊரில் சுற்றும் வதந்திகளை எடுத்து, உண்மையா பொய்யா என்று எழுதுகிற பக்கம். நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் எனக்கு மூத்தவர். எந்தச் செய்தியானாலும் 'இரு' என்று நிறுத்திவிடுவார். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. அவருக்கும் அது தெரியும். தேநீர்க் கோப்பையில் அவரே அப்படி எழுதி வைத்திருக்கிறார்.

"அக்கா, இது போலியா இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதுக்கா சம்பளம் வாங்குறே? வா, கீழ போவோம்."

தரைத்தளத்தின் பின்னறையில் பழைய இதழ்கள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தேதி படத்திலேயே இருந்தது. தொகுப்பை மேசைமேல் கிடத்தித் திறந்தோம்.

பக்கம் இருந்தது. கட்டம் இருந்தது. 122 இருந்தது. எதுவும் போலியில்லை.

போலியாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்காரவில்லை.

"படம் எங்க முடியுது?"

போனைக் காட்டினேன். படத்தின் கீழ் விளிம்பு எண்ணுக்கு அடியிலேயே முடிந்திருந்தது. தாளில் அதற்குக் கீழே இன்னொரு வரி, பொடி எழுத்தில்: 'நமது அலுவலக மேற்குச் சுவரில், மாலைப் பதிப்புக்கு முன் எடுத்தது.'

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, நம்ம சுவரா!"

விஷயம் இதுதான். எங்கள் நிறுவனர் அந்தக் காலத்தில் அலுவலக வாசலில், தெருவைப் பார்த்த சுவரில், ஒரு பெரிய வெப்பமானியை மாட்டி வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்தவர்கள் பேப்பரும் வாங்குவார்கள். மாலையில் வாயிற்காவலர் எண்ணைப் படித்து மேலே சொல்லி அனுப்புவார். மாலையில் அந்தச் சுவரில் நேர் வெயில். அதே இதழின் உள்பக்கத்தில் வானிலை அலுவலகத்தின் கணக்கும் இருந்தது. நிழலில் 104 பாரன்ஹீட். இன்றைய செல்சியஸ் அளவில் நாற்பது.

"பொய் சொல்லலை. பாதியை மட்டும் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அதுதான் கெட்டிக்காரத்தனம். முழுப் பொய்யைச் சீக்கிரம் பிடிச்சிடலாம். சரி, யார் முதல்ல போட்டது?"

மாடிக்கு வந்து தேடினோம். பத்துப் பன்னிரண்டு கணக்குகள், கொஞ்ச நேர இடைவெளியில், வரி மாறாமல் அதையே பதிவிட்டிருந்தன. 'யாருக்காக?' வரை அப்படியே.

"ஊரே ஒரே மூச்சுல தும்முமா?" என்றார் அக்கா.

எல்லாவற்றுக்கும் முந்தையது கட்டட ஒப்பந்தக்காரர்கள் சங்கம் ஒன்றின் விளம்பரப் பக்கம். வெயில் நேரத்தில் வேலையை நிறுத்துவதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று அவர்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். சங்கத்துக்குப் போன் செய்தேன். "உங்க பேப்பர்ல வந்ததைத்தானே சார் போட்டோம்" என்று வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதினோம். எங்கள் பக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வதந்தியையே தலைப்பாக, ஒரு கேள்வியாக, பெரிய எழுத்தில் வைப்போம். அடியில் வதந்திப் படம், பெரிதாக. விளக்கம் கீழ்ப்பாதியில். 'உண்மையில்லை' என்ற முத்திரை கடைசியில். வாசகரை முதலில் சிக்க வைத்துப் பிறகு விடுவிக்க வேண்டும் என்பார் ஆசிரியர். அப்படியே செய்தோம். 'எழுபது ஆண்டுக்கு முன்பே இங்கே ஐம்பது டிகிரியா?' தலைப்பு வைத்தது நான்.

மறுநாள் காலை மச்சினன் பல் துலக்கிக்கொண்டே வந்து போனை நீட்டினான். வாயில் நுரை. கண்ணில் சிரிப்பு.

எங்கள் பக்கத்தின் படம். நேற்றைய துண்டு அல்ல, இன்றைய பேப்பர். பேப்பரை இரண்டாக மடித்து மேல்பாதியை மட்டும் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். தலைப்பும் சிவப்பு வட்டமும் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் விளக்கம் முழுவதும் மடிப்புக்குக் கீழே. 'நாளிதழே ஒப்புக்கொண்டது!' என்று எழுதியிருந்தார்கள். கடைகளில் பேப்பரை மடித்துத்தான் அடுக்குவார்கள். ஊரில் பாதிப் பேர் பார்த்ததும் அந்த மேல்பாதியைத்தான்.

"மாமா, நீங்களே சொல்லிட்டீங்க. குரூப்ல பசங்க ஒரே கும்மாளம். மேஸ்திரியோட மாமாவுக்கு நன்றின்னு போட்டிருக்கானுங்க."

"கீழ படிச்சியாடா?"

"கீழ யாரு மாமா படிப்பா?"

அத்தை என்னைப் பார்த்தார்.  ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

ஆசிரியர் அறையில் நான் பேசுவதில்லை. அக்கா பேசுவார், நான் நிற்பேன். அன்று நான்தான் ஆரம்பித்தேன்.

"சார், நாம உதவி செஞ்சிருக்கோம். எதிர்த்தரப்புக்கு."

"இருபது வருஷமா இப்படித்தானே போடறோம்?" என்றார் ஆசிரியர்.

"இருபது வருஷமா எத்தனை பேர் மேல்பாதியோட போயிருப்பாங்க சார்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மறுபடி போடணும். உண்மை மேல இருக்கணும். பொய்யை ஒரே வரில, நடுவுல. திரும்பக் கீழயும் உண்மை. அவங்க படம் வேண்டவே வேண்டாம்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வேறொன்று உறுத்தியது. "அதெல்லாம் சரி. நிறுவனர் வெப்பமானியை வெயில்ல மாட்டினார்னு நாமே நம்ம பேப்பர்லயே போடணுமா?"

"அவரே போட்டிருக்கார் சார், மேற்குச் சுவர்னு. அவர் மறைக்கலை" என்றார் அக்கா.

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "சுவர் இன்னும் இருக்கில்ல? மாட்டிப் பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

வானிலை அலுவலகத்தில் சோதித்துத் தந்த வெப்பமானிகள் இரண்டு கிடைத்தன. கொடுத்த அதிகாரி, "நிழல்ல, காத்து புகுற மரப்பெட்டிக்குள்ள வச்சாத்தான் காத்தோட சூடு தெரியும். வெயில்ல வச்சா கருவி தன்னோட சூட்டைத்தான் சொல்லும். உலகம் பூரா பெட்டிதான்" என்றார். கூடவே அந்தப் பெட்டி எழுபது வருடமாகக் காட்டிய எண்களையும் அனுப்பிவைத்தார்.

அன்று கூரைத் தகடு வந்து சேராததால் மச்சினனுக்கு வேலையில்லை. வாடா என்றேன். "பேப்பர் ஆபீஸ்ல ஏசி இருக்கும்ல?" என்று கேட்டு வந்தான். வந்தவனை மாலை வெயிலில் தெருவில் நிறுத்தினேன்.

"ஏமாத்திட்டீங்க மாமா."

"ஏணியைப் பிடி."

"ஏணி ஏறுறது என் வேலை. நீங்க பிடிங்க. நீங்க ஏறினா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

அவனே ஏறி மாட்டினான். இன்னொன்றை வராந்தாவின் நிழலில் அக்கா தொங்கவிட்டார். காத்திருந்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், "விக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நிழலில் நாற்பத்து மூன்று. சுவரில் ஐம்பத்தேழு.

அக்காவிடம் ஓடினேன். "அக்கா! அதே சுவர். அன்னைக்கு அம்பது, இன்னைக்கு அம்பத்தேழு. இதுதான் தலைப்பு. இதுக்கு மேல எவனும் வாயைத் திறக்க முடியாது."

"இரு" என்றார் அக்கா.

"என்ன இரு?"

"எதிர்ல பாரு."

எதிரே கண்ணாடி முகப்பு வைத்த ஏழு மாடிக் கட்டடம். அதில் பட்ட வெயில் மொத்தமும் எங்கள் சுவரில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"எழுபது வருஷத்துக்கு முன்னாடி அது கிடையாது. தெருவுல தார் கிடையாது. இத்தனை ஏசி வெளியே ஊத்துற சூடு கிடையாது. அன்னைக்கு எந்தக் கருவின்னும் நமக்குத் தெரியாது. ஒரு சுவரு, ஒரு நாளு. இதை வச்சு உலகம் சூடாயிடுச்சுன்னு எழுதினா, அவங்க செஞ்ச வேலையைத்தான் நாமளும் செய்றோம். என்ன, நம்ம பக்கம் உண்மை இருக்குங்கிற தைரியத்துல செய்வோம்."

"உண்மைதானேக்கா இது?"

"உண்மைக்கு நல்ல சாட்சி இருக்கும்போது மோசமான சாட்சியை எதுக்குக் கூண்டுல ஏத்தணும்? நாளைக்கே ஒருத்தன் அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்துப் போடுவான். அப்புறம் பெட்டிக் கணக்கைக்கூட எவனும் நம்ப மாட்டான்."

அவர் சொன்னது சரி. அது தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்ற ஒன்று வந்து வெகுநாளாகியிருந்தது.

"உங்களுக்கென்னக்கா, நாளைக்கு வேற வதந்தி வரும். இவன் திங்கட்கிழமை கூரை ஏறுவான். போன வருஷம் விழப் பார்த்தான். வீட்டுல ஒருத்தியை அனுப்பிட்டோம். இனிமே முடியாது."

தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். வெப்பமானி விற்கிறோமா என்று கேட்டவர் மெல்ல நகர்ந்து போனார்.

மச்சினன் ஏணியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தான். என் மனைவியின் பேச்சை நாங்கள் வீட்டில் எடுப்பதே இல்லை. தெருவில் எடுத்துவிட்டேன்.

"என்னை வச்சா சண்டை போடுறீங்க?" என்றான் மெதுவாக. எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் வெப்பமானிகளைப் பார்த்தான். வராந்தாவுக்குப் போனான். திரும்பிச் சுவருக்கு வந்தான். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்துக்கொண்டான்.

"மாமா, டிவியில நாற்பத்து மூணுன்னு சொல்றது இந்த வராந்தாக் கணக்கா?"

"ஆமா."

"அந்தப் பழைய அம்பது இந்தச் சுவத்துக் கணக்கு."

"ஆமாடா."

"அப்ப அன்னைக்கு வராந்தாவுல நாற்பதுதான்." கொஞ்சம் யோசித்தான். "சரி, நான் வேலை பார்க்குறது வராந்தாவுலயா?"

அவனே வெயில் பக்கம் கையைக் காட்டினான்.

"தகரத்து மேல, நடு வெயில்ல. அப்ப எனக்கு அம்பத்தேழு."

"அதுவும் இல்லை தம்பி" என்றார் அக்கா. "நீ சுவர் இல்லை. உனக்கு வேர்க்கும், காத்து படும். உன் உடம்புக்கு இந்த எண்ணைச் சொல்ல முடியாது. ஆனா நிழல்ல நிக்கிறவனை விட உன் நிலைமை ரொம்ப மோசம். அதை அடிச்சுச் சொல்லலாம்."

"இவங்க எல்லாத்துக்கும் பிரேக் போடுவாங்களா மாமா?"

"எல்லாத்துக்கும்."

"சம்பந்தம் பேசுற தரகர் பக்கத்துல இவங்களை உட்கார வைக்கணும்" என்றான். அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

*

அந்த வார இறுதியில் பக்கம் வந்தது. மேலே பெட்டிக் கணக்கு. எழுபது வருடக் கோடு ஒன்று, மேடும் பள்ளமுமாக, ஆனால் மொத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. தலைப்பு: 'நிழலின் சூடு ஏறியிருக்கிறது.' நடுவே ஒரு பத்தி: சுவரில் எடுத்த எண்ணையும் நிழலில் எடுத்த எண்ணையும் ஒப்பிடுவது என்ன தந்திரம், முதலில் பரப்பியது யார், அவர்களுக்கு அதில் என்ன ஆதாயம், எங்கள் பக்கம் எங்கே சறுக்கியது. கீழே, வெளியில் வேலை செய்பவர்கள் எப்போது நிழலுக்கு வர வேண்டும், உடம்பில் எதைக் கண்டால் ஆபத்து. ஐம்பத்தேழு சின்னதாக, கண்ணாடிக் கட்டடத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தது.

அச்சுக்குப் போகுமுன் அக்கா மாதிரிப் பக்கத்தை மடித்தார், இடம் இடமாகக் கிழித்தார், ஒவ்வொரு துண்டையும் போனில் படம் எடுத்தார். "எப்படி வெட்டினாலும் கையில உண்மைதான் மிஞ்சணும்" என்றார். இரண்டு துண்டுகள் தேறவில்லை. திருத்தினோம். இப்போது எங்கள் பக்கத்தின் வழக்கம் இதுதான்.

ஆனால் மச்சினனின் குழு பேப்பர் படிக்காது. இணைப்பை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"லிங்க்கை எவன் மாமா திறப்பான்? நான் பேசி அனுப்புறேன்."

அத்தையும் நானும் பக்கத்தில் இருக்க, போனை வாய்க்கருகே பிடித்தான். "அன்பார்ந்த தோழர்களே" என்று ஆரம்பித்தான்.

"யாருடா நீ, வானொலியா?" என்றார் அத்தை.

அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "டேய், அம்பது டிகிரின்னு ஒரு படம் வந்துச்சே—"

"பொய்யை முதல்ல சொல்லாதே. அதுதான் மண்டையில நிக்கும்" என்றேன்.

"நீங்க பேசுங்களேன்."

"நான் பேசினா யார் கேப்பா? நீ பேசு."

மூன்றாம் முறை எங்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டேய், நான்தான். டிவியில சொல்ற சூடு நிழல்ல எடுக்கிறது. நாம நிக்கிறது தகரத்து மேல. நமக்கு அதை விட மோசம். நான் கண்ணால பார்த்தேன், கையை வச்சும் பார்த்தேன். அந்தப் பழைய பேப்பர் எண்ணு, வெயில்ல சுவத்துல மாட்டி எடுத்தது. அதையும் இதையும் ஒப்பிட்டு நம்மளை முட்டாளாக்குறானுங்க. போன வருஷம் நான் விழுந்திருந்தா எங்கம்மாவுக்கு... சரி, அதை விடு. விடியுமுன்ன வர்றோம், உச்சிக்கு முன்ன இறங்குறோம். திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து கேக்குறோம். எவனாவது வீரம் காட்டணும்னா எங்கிட்ட காட்டு. கூரை மேல வேணாம்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அத்தை எழுந்து உள்ளே போனார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

குழுவில் ஒரு மூத்தவர் மட்டும் முறுக்கினாராம். இதையெல்லாம் நான் எத்தனை பார்த்திருப்பேன் என்றாராம். "பார்த்தீங்கண்ணே, ஆனா கீழ இறங்கி வந்ததாலதான் இன்னைக்குச் சொல்றீங்க" என்று எவனோ சொல்ல, எல்லாரும் சிரித்து, அவரும் கை தூக்கிவிட்டார். கம்பெனி முணுமுணுத்தது. ஒப்புக்கொண்டது.

இதோடு முடிந்துவிடவில்லை. அந்தத் துண்டு இன்னும் எங்கோ சுற்றுகிறது. புதன்கிழமை வேறொரு வதந்தி வந்தது, உலகம் குளிர்கிறது என்று, பனி விழும் படத்தோடு. அக்கா ஏற்கெனவே அதன் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தொட முடியவில்லை.  வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அவன் வந்துட்டானா?"

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை கிசுகிசுப்பாக. "சாப்பிட்டுக் கூடத்துல விழுந்தான். குறட்டை விடுறான், இங்கே வரைக்கும் கேக்குது. இருங்க, கேளுங்க."

போனைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தார். நான் குறட்டையைக் கேட்டேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் திரும்ப வந்து.

"இல்லை" என்றேன். யோசித்தேன். பசித்தது. "இப்ப சாப்பிடப் போறேன் அத்தை."